முன்வரிசையில் ஒரு மாமியார்

அத்தியாயம் பதினொன்று

சத்தியம் வாங்குவதில் கணக்கு டீச்சரை மிஞ்ச ஆள் கிடையாது. பணியில் இருந்த காலம் முழுக்க, 'இனிமேல் வீட்டுப்பாடம் எழுதாமல் வரமாட்டேன்' என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கிப் பழகியவர். போன வாரம் அதே பழக்கத்தில் மருமகளிடமும் ஒன்று வாங்கிவிட்டார். இந்த ஒரு பயணம்தான். திரும்பி வந்ததும் விமானப் பணிப்பெண் வேலைக்கு முழுக்கு.

சாப்பாட்டு மேசையில் மகன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் அவனுக்கு ரசம் ஊற்றிவிட்டு, "சரி அத்தை" என்றாள். சண்டை போடுவாள், அழுவாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்த டீச்சர், அந்த ஒற்றை 'சரி'க்கு மட்டும் தயாராக இல்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒழுங்காகத் தூக்கம் வரவில்லை.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், மருமகள் பணிசெய்யும் அதே விமானத்தில்தான் டீச்சரும் இன்று ஏறப்போகிறார்; டிக்கெட் கொடுத்ததே அந்த மருமகள்தான். கடல் தாண்டி வாழும் மகளுக்கு இது பிரசவ மாதம். அந்த நேரம் பார்த்து மருமகளுக்கு ஆண்டின் சிறந்த பணிப்பெண் என்று பரிசு கிடைத்தது. குடும்பத்தில் ஒருவர் முன் கேபினில், கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, போய்வரலாம். பெற்ற தாய்க்கு, "உனக்கு அடுத்த தடவைம்மா" என்று போனில் சொல்லிவிட்டு, மூட்டுவலி மாமியாருக்கு அதைக் கொடுத்தாள். அடுத்த தடவை என்று ஒன்று வராமல் செய்த புண்ணியவதி யார் என்று உங்களுக்குத் தெரியும்.

டிக்கெட்டோடு மூன்று நிபந்தனைகள் இருந்தன. நன்றாக உடுத்தி வரவேண்டும். குடும்பச் சலுகையில் வந்திருக்கிறோம், பணிப்பெண் எனக்கு இன்ன உறவு என்று சக பயணிகளிடம் மூச்சு விடக்கூடாது. யாருக்காவது இடம் தேவைப்பட்டால் முணுமுணுக்காமல் முதலில் எழுந்துகொள்ள வேண்டும்.

"இதுல எது தவறினாலும் என் பேர்லதான் எழுதுவாங்க அத்தை."

"விதிமுறையை எனக்கா சொல்லித் தர்ற?" என்று டீச்சர் சிரித்தார்.

விமான நிலையத்தில் முன் கேபின் பயணிகள் காத்திருக்கும் லவுஞ்ச் வாசலில் இருந்த பெண், போர்டிங் பாஸை இயந்திரத்தில் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. "வாங்க மேடம், உள்ளே எங்கே வேணும்னாலும் உட்காரலாம்" என்றாள். டீச்சர் நிமிர்ந்து நடந்தார். அவ்வளவு பெரிய கூடத்தில் அவ்வளவு அமைதியை அவர் பரீட்சை அறைகளில்தான் பார்த்திருக்கிறார்.

சூப், ரொட்டி, வெட்டிய பழங்கள் என்று நீள மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். காவலுக்கு யாரும் இல்லை. ஒரே ஒரு துண்டு முலாம்பழத்தை எடுத்துக்கொண்டு டீச்சர் சுற்றிலும் பார்த்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் போய்த் தட்டு நிறைய எடுத்துக்கொண்டார். காபி இயந்திரம்தான் அடங்கவில்லை. ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார். கோப்பை நிறைய நுரைதான் வந்தது.

"அது வெறும் பால் நுரை. இதை அமுக்குங்க" என்று பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. கழுத்தில் மூன்று சரம் முத்துமாலை போட்ட ஓர் அம்மாள். "முதல் தடவையா?"

"ஆமாங்க."

"எனக்கு மாசத்துக்கு ஒரு தடவை. இங்க மைக்ல கூப்பிட மாட்டாங்க, தெரியுமில்ல? நாமதான் நேரம் பாத்துக்கணும். நிறையப் பேர் நல்லாச் சாப்பிட்டுட்டு விமானத்தை விட்டுடுவாங்க."

இருவரும் சோபாவில் அருகருகே உட்கார்ந்தார்கள். முத்துமாலை அம்மாள் நல்ல பேச்சுத் துணைதான். மூட்டுவலிக்கு மருந்து சொன்னார். பேத்தியின் படம் காட்டினார். பிறகு, "மருமக என்ன பண்றா?" என்று கேட்டார்.

"விமானக் கம்பெனில ஆபீஸ் வேலை" என்றார் டீச்சர். மகனுக்குக் கல்யாணமானதிலிருந்து தெருவிலும் சொந்தக்காரர்களிடமும் சொல்லிச் சொல்லி மெருகேறிய பதில். அதைச் சொல்ல அவர் யோசிக்க வேண்டியதே இல்லை.

"ஆபீஸ்னா நல்லது. என் தம்பி மகன் ஒருத்தியைக் கூட்டிட்டு வந்து நின்னான். பணிப்பெண்ணாம். நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். ஆகாசத்துல போய் எச்சில் தட்டு எடுக்கறவ நம்ம வீட்டுக்கு எதுக்குடான்னேன். கப்சிப்னு ஆயிட்டான்."

டீச்சர் முலாம்பழத் தட்டைக் கீழே வைத்தார். அதே வார்த்தைகளை, ஏறக்குறைய அதே வரிசையில், தன் தங்கையிடம் போனில் அவரும் சொல்லியிருக்கிறார். அப்போது மருமகள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னபோது சாமர்த்தியமான பேச்சாகத்தான் பட்டது. இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டபோது அசிங்கமாக இருந்தது.

"ஓஹோ" என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசத் துப்பில்லையே என்று தன்மீதே எரிச்சல் வந்தது.

விமானத்தின் வாசலில் மருமகள் நின்றிருந்தாள். சீருடையில், ஒரு முடி பிசகாத கொண்டையோடு. "வணக்கம் மேடம். மூன்றாவது வரிசை, ஜன்னல் பக்கம்" என்றாள். முகத்தில் தெரிந்தவரைப் பார்க்கும் சாயலே இல்லை. டீச்சருக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் நிபந்தனை நினைவுக்கு வந்தது.

இருக்கை என்றார்களே தவிர, அது சின்ன அறை மாதிரிதான் இருந்தது. பக்கவாட்டில் தடுப்பு, தனி விளக்கு, மெத்தை, போர்வை, காலுக்குத் திண்டு. மனிதன் உட்காருவது போல, சாய்வது போல, படுப்பது போலப் படம் போட்ட பொத்தான்கள். சுடச்சுட ஒரு சின்ன ஈரத் துண்டு கொடுத்தார்கள். அதை முகத்துக்கா கைக்கா என்று தெரியாமல், எதிர்வரிசைக்காரர் செய்வதைப் பார்த்துக் காப்பியடித்தார். காப்பியடித்ததற்காக எத்தனை பிள்ளைகளை வெளியே நிறுத்தியிருப்பார்!

டீச்சருக்குக் கண் சும்மா இருக்காது. மருமகளுக்கு மதிப்பெண் போடுவது போலக் கவனிக்க ஆரம்பித்தார்.

ஒரு பெரிய மனிதர் மடிக்கணினியை மூட மறுத்து உரக்கப் போன் பேசிக்கொண்டிருந்தார். மருமகள் அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவர் கண் மட்டத்துக்கு வந்து, மெதுவாக இரண்டு வாக்கியம் சொன்னாள். மனிதர் போனை வைத்துவிட்டு மடிக்கணினியை உள்ளே தள்ளினார். டீச்சர் தன் வாழ்நாளில் ஸ்கேல் இல்லாமல் ஒருவனை அப்படி அடக்கியதில்லை.

விமானம் ஓடத் தொடங்கியபோது மருமகள் எதிரே இருந்த சின்ன மடக்கு இருக்கையில் பட்டைகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகு நேராக, கைகள் தொடைக்கு அடியில், கண்கள் ஜன்னலில். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இப்படி ஒரு முகம் அவளுக்கு இருப்பதே டீச்சருக்குத் தெரியாது.

மேலே ஏறி நிதானப்பட்டதும் பழச்சாறு கொண்டுவந்தாள். டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"கிளம்பும்போது என்ன யோசிச்சிட்டு இருந்த?"

"விமானத்துக்கு ஏதாவது ஆனா எந்தக் கதவைத் திறக்கணும், யாரை முதல்ல வெளிய தள்ளணும்னு. ஒவ்வொரு தடவையும் யோசிப்போம், மேடம்."

"அதுல நான் எத்தனையாவது?"

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ரெண்டாவது. அந்தப் பக்கம் கால்ல கட்டுப் போட்டவர் முதல்ல."

சரியான விடைதான். டீச்சர் மனதுக்குள் முழு மதிப்பெண் போட்டார். ரெண்டாவது என்று கேட்டதில் ஒரு விநோதமான கர்வமும் வந்தது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லத்தான் கூடாதே!

பகல் சாப்பாடு முடிந்து ஜன்னல் திரைகளை இறக்கிய பிறகு வந்தது வினை. இரண்டாவது வரிசையில் இருந்த முத்துமாலை அம்மாளின் இருக்கை பாதி சாய்ந்து நின்றுவிட்டது. நிமிரவும் இல்லை, படுக்கவும் இல்லை. பல் வைத்தியர் பாதியில் எழுந்து போன மாதிரி அந்த அம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டு கத்தினார்.

கேபின் பொறுப்பாளர் ஓடிவந்தார். நரைத்த மீசை, கணீர்க் குரல். அவரை எல்லோரும் சீஃப் என்பார்கள். மின்சாரத்தை நிறுத்திப் போட்டுப் பார்த்தார். அடியில் இருந்த கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். இருக்கை அசையவில்லை. முன் கேபினில் ஓர் இடம்கூடக் காலியில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் சீஃப் சொன்னது டீச்சருக்குக் கேட்டது. "அந்த மூணாவது வரிசை அம்மாவை நான் கேக்கட்டுமா?"

"வேண்டாம் சீஃப். நான்தான் கேக்கணும்."

மருமகள் வந்து முட்டி போட்டாள். எல்லோரிடமும் செய்வது போலவே. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. விரல்கள் மட்டும் இருக்கையின் கைப்பிடியில் இல்லாத தூசியைத் திரும்பத் திரும்பத் துடைத்தன.

"மேடம், ஒரு உதவி வேணும். முன்னாடி ஒரு இருக்கை பழுதாயிடுச்சு. உங்க இடத்தை அவங்களுக்குத் தர வேண்டியிருக்கு."

"நான் எங்க போகணும்?"

"பின்னாடி, கடைசிக்கு முந்தின வரிசை. நடு இருக்கை. அது ஒண்ணுதான் இருக்கு."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"பத்து மணி நேரம்."

வீட்டில் நாற்காலிக்கு மெத்தை போடவில்லை என்றால் ரகளை பண்ணுகிறவர் நம் டீச்சர். முழங்கால்கள் அந்தக் கணமே வலிக்க ஆரம்பித்தன. ஆனால் அந்த விரல்களைப் பார்த்தார். மாமியாரை எழுப்ப இவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! கேட்கும் பொறுப்பை அடுத்தவரிடம் தள்ளிவிடாமல் தானே வந்து நிற்கிறாளே!

"எந்திரிக்கிறேன்" என்று கைப்பையை எடுத்தார்.

தலையணையைக் கட்டிக்கொண்டு முத்துமாலை அம்மாள் வந்து சேர்ந்தார். "அடடே, நீங்களா! பாவமே!" என்றபடியே இருக்கையில் நன்றாக உட்கார்ந்து காலையும் நீட்டிக்கொண்டார். இடமும் வேண்டும், இரக்கம் காட்டிய பெயரும் வேண்டும் அவருக்கு. மருமகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, முட்டி வலிக்காரங்களைப் போய் எழுப்பியிருக்கியே, வேற ஆளே கிடைக்கலையா? உன் வீட்டுப் பெரியவங்களா இருந்தா எழுப்புவியா? எச்சில் தட்டு எடுக்கற புத்திக்கு மரியாதை எங்கேருந்து வரும்!"

"மன்னிச்சிடுங்க மேடம்" என்றாள் மருமகள். சிரித்த முகம் மாறவில்லை. காது மட்டும் சிவந்துவிட்டது.

ஒழுங்கு, விதி என்று வாழ்ந்த கணக்கு டீச்சருக்கு அந்த நேரம் ஒரு விதியும் நினைவில் இல்லை.

"அவ வீட்டுப் பெரியவ நான்தான்" என்றார். கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரல் அது. போர்வைகளுக்குள்ளிருந்து தலைகள் நீண்டன. "நான் அவ மாமியார். இந்த வருஷம் இந்தக் கம்பெனியிலயே முதல் ஆள் என் மருமக. அவ வாங்கின பரிசுலதான் நான் இங்க உக்காந்திருந்தேன். விதின்னா மாமியாரையே எழுப்புவா. நாளைக்கு இந்த விமானத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்களை இழுத்து வெளிய போடப்போறவளும் அவதான். நீங்க எத்தனையாவதுன்னு இப்பவே கேட்டு வச்சுக்கங்க!"

யாரோ ஒருவர் கை தட்டி, மனைவி முறைத்ததும் நிறுத்தினார்.

முத்துமாலை அம்மாள் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். பேச்சு வேறு மாதிரி வந்தது. "ஓ! அப்ப ஓசி டிக்கெட்டா? நான் பணம் கட்டிட்டு உடைஞ்ச நாற்காலில கிடந்தேன், ஓசில வந்தவங்க மெத்தைல! கூப்பிடு உன் சீஃபை!"

டீச்சர் பின்னால் நடந்தார். திரையைத் தாண்டினார், இன்னொரு திரையைத் தாண்டினார். அவ்வளவு தூரமும் தலை நிமிர்ந்துதான் இருந்தது. நடு இருக்கையில் தன்னைச் செருகிக்கொண்டு பெல்ட்டைப் போட்ட பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. இரண்டாவது நிபந்தனை சுக்குநூறு. அதுவும் சீருடையில் இருந்த மருமகளின் முன்னாலேயே!

ஒரு பக்கம் வாய் திறந்து தூங்கும் மனிதர். இன்னொரு பக்கம் குழந்தையை மடியில் போட்டிருந்த இளம் தாய். முழங்கால்கள் முன் இருக்கையில் இடித்தன. டீச்சருக்கு அந்த வலி பெரிதாகவே தெரியவில்லை.

சீஃப் வந்தார். அவரும் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், அந்த அம்மா புகார் குடுக்கறாங்க. பணிப்பெண் என் மருமகள்னு கேபின்ல நீங்க சொன்னீங்களாம். நான் அப்ப சமையல் பகுதியில இருந்தேன், என் காதுல விழலை. நீங்க சொல்லலைன்னா, அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நான் பேசி முடிச்சிடுவேன்."

"சொன்னேன்னா?"

"நான் எழுதியாகணும். அடுத்த மாசம் பொறுப்பாளர் பதவிக்குத் தேர்வு. இந்தக் குழுவில அதுக்கு முதல் பேர் உங்க... அந்தப் பொண்ணோடதுதான். அங்க இதைக் கேப்பாங்க."

பதவி உயர்வா? அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேச்சு வந்ததில்லை. முதல் பேர் என்று தெரிந்துகொண்டேதான் அன்றைக்கு 'சரி அத்தை' என்றாளா?

சீஃப் காத்திருந்தார். நல்ல மனிதர். ஒரே ஒரு 'இல்லை' போதும் என்று கண்ணாலேயே சொன்னார். அவள் என் மருமகள் இல்லை என்பது போலத்தானே இத்தனை வருடம் ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தோம்? அப்போது யாருக்கும் எந்த லாபமும் இல்லாமல் சொன்ன பொய்யை, இப்போது அவளுக்கு நல்லது நடக்குமென்றால் சொல்லிவிட்டுப் போகலாமே?

டீச்சர் 'இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. வகுப்பில் 'யார் செய்தது?' என்று கேட்டதும் எழுந்து நின்ற பிள்ளைகளை அவர் ஒருநாளும் அடித்ததில்லை.

"சொன்னேன் சார். சத்தமாவே சொன்னேன். எழுதுங்க. தப்பு அவளோடது இல்ல, நான் வாய் அடங்காம சொன்னதுன்னும் எழுதுங்க. தேர்வுல அவளைக் கேக்கறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுங்க. எங்க வேணா வர்றேன். அவளை மாதிரி ஒரு ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டா."

சீஃப் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அது எங்களுக்கும் தெரியும் மேடம்" என்று எழுந்து போனார்.

குழந்தையை வைத்திருந்த இளம் தாய் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஓரத்தில் இருந்த தன் இருக்கையை டீச்சருக்குக் கொடுத்துவிட்டு நடுவில் நகர்ந்து உட்கார்ந்தாள். டீச்சர் நடைபாதைப் பக்கம் காலை நீட்டிக்கொண்டார்.

மருமகள் வந்தது வெகுநேரம் கழித்து. கையில் தண்ணீரும் வலி மாத்திரையும். முட்டி போட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை மேடம் என்று சொல்லவில்லை.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க? சீஃப் எல்லாத்தையும் சொன்னார்."

"தெரியலைம்மா. பெருமையா இருந்துச்சு. அடக்க முடியலை." டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. "இதைக் கேளு. போன வாரம் உன்கிட்ட வாங்கின சத்தியத்தை நான் திருப்பிக் குடுத்துட்டேன். நீ வேலையை விடக்கூடாது. தேர்வு எழுது. உங்க அம்மாவுக்கு அடுத்த தடவைன்னு சொன்னியே, அதைச் செய்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். கொண்டையில் முதல்முறையாக ஒரு முடி பிசகியிருந்தது.

"லேட் அத்தை."

"என்ன லேட்?"

"நீங்க லவுஞ்ச்ல இருந்தப்பவே ராஜினாமா அனுப்பிட்டேன். திரும்பி வந்து அனுப்பினா மனசு மாறிடும்னு பயந்து, கிளம்பறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன். சீஃபுக்குக்கூட இன்னும் தெரியாது."

டீச்சர் மாத்திரையை விழுங்கினார். தண்ணீரை மடமடவென்று குடித்தார். காலிக் கோப்பையை மருமகளிடம் நீட்டப் போய், சட்டென்று கையை இழுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

"யாருக்கு அனுப்பின?"

"மேனேஜருக்கு."

"இறங்கினதும் அவர் நம்பரைக் குடு. நான் பேசறேன்."

"நீங்க யாருன்னு கேப்பாரு அத்தை."

"கேக்கட்டும். உன் மாமியார்னு சொல்றேன். இன்னைக்கு ஒரு தடவை சொல்லிப் பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கு."